குளிர் முந்தியதா, மூச்சு முந்தியதா

வெள்ளறடைப் பக்கம் குளிர் என்றால், மார்கழி விடியலில் ரப்பர் வெட்டப் போகிறவர் தலையில் தோர்த்தைச் சுற்றிக்கொள்கிற அளவுதான். பனி என்று நாங்கள் சொல்வது புல்நுனியில் நிற்கிற ஈரத்தை. ஆனாலும் உறைபனியைப் பற்றிப் பேச இங்கே ஆளுக்குப் பஞ்சமில்லை. பனச்சமூட்டிலோ காரக்கோணம் முக்கிலோ சாயக்கடை பெஞ்சில் உட்கார்ந்தால், பட்டாளத்திலிருந்து பென்ஷன் வாங்கி வந்த ஒருவராவது பக்கத்தில் இருப்பார். லடாக்கும் சிக்கிமும் அவர் வாயில் பக்கத்து ஊர் மாதிரி வரும்.

அப்படிப்பட்ட ஒரு அண்ணன் கேட்ட கேள்விக்குத்தான் இந்தப் பத்தி. "தம்பி, சியாச்சின்ல ஆறு நாள் பனிக்கு அடியில கெடந்தவர உயிரோட எடுத்தாங்க. அத்தன நாள் அங்க கெடந்தப்போ போகாத உயிர், டில்லியில அவ்வளவு பெரிய ஆஸ்பத்திரிக்குப் போன பெறகு ஏன் போச்சு?"

ஒரே வரியில் பதில் சொன்னால் தப்பாகப் போய்விடுகிற கேள்வி இது. ஆஸ்பத்திரிக்காரர்கள் கெடுத்துவிட்டார்கள் என்று ஒருவர் சொல்வார், விதி என்று இன்னொருவர் சொல்வார். இரண்டும் பதில் அல்ல. குளிர் மனித உடம்புக்குள் என்ன செய்கிறது என்பதிலிருந்து தொடங்கினால்தான் விளங்கும். சாயா ஆறினாலும் பரவாயில்லை, பொறுமையாகவே பார்ப்போம்.

முதலில் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். 2016 பிப்ரவரி 3 அதிகாலை. சியாச்சினில் 19,600 அடி உயரத்தில் இருந்த சோனம் காவல் நிலையின் மேல் பெரிய பனிச்சுவர் ஒன்று சரிந்தது. உள்ளே இருந்தவர்கள் மெட்ராஸ் ரெஜிமெண்டின் 19-வது பட்டாலியனைச் சேர்ந்த பத்துப் பேர். வேலூர், தேனி, மதுரை, கிருஷ்ணகிரி மாவட்டங்களிலிருந்து ஆளுக்கொருவராகத் தமிழ்நாட்டுக்காரர்கள் நான்கு பேர். கேரளத்திலிருந்து ஒருவர், கொல்லம் மன்றோதுருத்துக்காரர். மற்றவர்கள் கர்நாடகம், ஆந்திரம், மகாராஷ்டிரம். பனி அங்கே பஞ்சு போல விழுந்து கிடக்கவில்லை, கான்கிரீட் போல இறுகிப் போயிருந்தது. பாறையைத் துளைக்கிற கருவியும் ரேடாரும் மோப்ப நாய்களும் கொண்டு தோண்டினார்கள். 8-ஆம் தேதி இரவு, சுமார் 25 அடிக்குக் கீழே, லான்ஸ் நாயக் ஹனுமந்தப்பா கொப்பத் உயிரோடு இருப்பதைக் கண்டார்கள். தார்வாட் மாவட்டத்து பெட்டதூர்க்காரர். மற்ற ஒன்பது பேரும் இறந்திருந்தார்கள். 9-ஆம் தேதி அவரை விமானத்தில் டில்லி ராணுவ ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். 11-ஆம் தேதி முற்பகல் 11.45-க்கு அவரும் போய்விட்டார்.

நாடே அவருக்காகக் கும்பிட்டுக்கொண்டிருந்த அந்த மூன்று நாட்களில், ஆஸ்பத்திரி வெளியிட்ட அறிக்கையில் ஒரு விஷயம் இருந்தது. பெரும்பாலோர் கண்ணில் அது படவில்லை. உடம்பு மறுபடி சூடேறும்போது, குளிர்ந்து கிடந்த பாகங்களுக்கு ரத்தம் திரும்பப் பாயும்போது வரும் சிக்கல்களால் அடுத்த 24 முதல் 48 மணி நேரம் மிகக் கடினமானது என்று டாக்டர்கள் சொல்லியிருந்தார்கள். அண்ணனின் கேள்விக்குப் பாதிப் பதில் அதிலேயே இருக்கிறது.

நம் உடம்பின் உள்வெப்பம் 37 டிகிரி. அது 35-க்குக் கீழே போனாலே உடல்வெப்பக்குறைவு என்று டாக்டர்கள் கணக்கு வைக்கிறார்கள். முதலில் உடம்பு நடுங்கும். நடுக்கம் நல்லது. தசைகள் வேகமாகச் சுருங்கிச் சூடு உண்டாக்கப் போராடுகின்றன என்று அர்த்தம். 32 டிகிரியைத் தாண்டிக் கீழே போகும்போது நடுக்கம் அடங்கத் தொடங்கும். பார்ப்பவர்கள் "அப்பாடா, தெளிந்துவிட்டார்" என்று நினைப்பார்கள். அதுதான் ஆபத்தின் வாசல். பேச்சு குழறும், புத்தி தடுமாறும், சிலர் சட்டையைக்கூடக் கழற்றிப் போடுவார்கள். 28-க்குக் கீழே நினைவு தப்பும், நாடி நிமிடத்துக்குப் பத்து இருபது என்று இறங்கும், மூச்சு விடுகிறாரா இல்லையா என்றே தெரியாது. தோல் வெளிறி, கை கால் விறைத்து, கண்மணி விரிந்து கிடக்கும். நம் ஊரில் எந்த மனிதர் அப்படிக் கிடந்தாலும் வெள்ளைத்துணியைத் தேடுவோம்.

இந்த நிலையில் இதயத்துக்கு ஒரு கெட்ட குணம் வந்துவிடுகிறது. சின்ன அசைவுக்கும் தாளம் தப்பிவிடும். ஸ்ட்ரெச்சரைத் தட்டென்று வைத்தாலோ, ஆளைப் பிடித்துச் சட்டென நிமிர்த்தி உட்கார வைத்தாலோ, அடித்துக்கொண்டிருந்த இதயம் துடிப்பை விட்டு வெறுமனே அதிர ஆரம்பிக்கும், பிறகு நின்றுவிடும். மீட்கிற கணத்திலேயே இறந்துபோகிறவர்கள் பலர் இப்படிப் போகிறவர்கள்தான். அதனால்தான் மலை மீட்புக் குழுக்களுக்கு முதல் பாடமே இது: படுத்த நிலையிலேயே தூக்கு, மெதுவாகத் தூக்கு, ஈரத்துணியை இழுக்காதே, வெட்டி எடு.

இனி நல்ல பக்கம். உடம்பின் வெப்பம் ஒரு டிகிரி இறங்கினால் அதன் ஆக்சிஜன் தேவை ஏறக்குறைய 6 சதவீதம் குறைகிறது. 28 டிகிரியில் பாதித் தேவைதான். 18 டிகிரிக்கு வந்துவிட்டால், ரத்த ஓட்டம் இல்லாமல் மூளை தாங்கக்கூடிய நேரம் சாதாரண வெப்பத்தில் தாங்குவதைவிடப் பத்து மடங்கு. இடவப்பாதி மழையில் ரப்பர் வெட்டு நின்றுபோகும்போது, கலத்தில் இருக்கிற அரிசியைச் சோறாக்காமல் கஞ்சியாகக் காய்ச்சி, வேலை இல்லாத வீட்டார் நாட்களை நீட்டுவார்கள் அல்லவா, மூளையும் கையிருப்பை அப்படித்தான் நீட்டுகிறது. ஆனால் ஒரு நிபந்தனை. பஞ்சம் வருமுன்பே கஞ்சிக்கு மாறியிருக்க வேண்டும். அரிசி தீர்ந்த பிறகு அடுப்பைத் தாழ்த்திப் பயனில்லை.

இந்த நிபந்தனைதான் முழு விஷயத்தின் ஆணிவேர். குளிர் முந்தியதா, மூச்சு முந்தியதா? மூளை முதலில் குளிர்ந்து, தேவை அடங்கி, அதன் பிறகு இதயம் நின்றிருந்தால் மணிக்கணக்கில் நம்பிக்கை வைக்கலாம். மூச்சு முதலில் அடைபட்டு, மூளை சூடாக இருக்கும்போதே ஆக்சிஜன் தீர்ந்து, பிறகு உடம்பு குளிர்ந்தால், அந்தக் குளிர் யாரையும் காப்பாற்றாது. அது பிணத்தின் குளிர். வெளியே பார்க்க இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும்.

குளிர் முந்தினால் என்ன ஆகும் என்று உலகத்துக்குக் காட்டியது ஒரு சுவீடன் டாக்டரின் உடம்பு. அன்னா போகன்ஹோல்ம், அப்போது 29 வயது. 1999 மே 20 அன்று நார்வேயின் நார்விக் அருகே பனிச்சறுக்கு விளையாடும்போது தலைகுப்புற விழுந்து, உறைந்த ஓடையின் பனிப்பாளத்துக்கு அடியில் சிக்கிக்கொண்டார். கூட வந்தவர்கள் காலைப் பிடித்து இழுத்தும் வரவில்லை. பனிக்கட்டிக்கும் தண்ணீருக்கும் நடுவே கொஞ்சம் காற்று இருந்தது. அதில் மூச்சு விட்டுக்கொண்டு சுமார் 40 நிமிடம் உயிரோடு அசைந்துகொண்டிருந்தார். பிறகு அசைவு நின்றது. மேலும் 40 நிமிடம் கழித்துத்தான் பனியை வெட்டி வெளியே எடுத்தார்கள். மூச்சில்லை, நாடியில்லை.

அந்த முதல் 40 நிமிடத்தைக் கவனியுங்கள். காற்று இருந்தது, அதனால் மூளைக்கு ஆக்சிஜன் போய்க்கொண்டே இருந்தது. அதே நேரத்தில் பனித்தண்ணீர் அவரைக் குளிர்வித்துக்கொண்டே இருந்தது. இதயம் நிற்கும்போது மூளை கஞ்சிக்கு மாறி வெகுநேரம் ஆகியிருந்தது.

நண்பர்கள் அங்கேயே நெஞ்சை அமுக்கத் தொடங்கினார்கள். ஹெலிகாப்டரில் ட்ரொம்சோ பல்கலைக்கழக ஆஸ்பத்திரி வரை ஒரு மணி நேரம், அமுக்கல் நிற்கவேயில்லை. அங்கே அளந்தபோது உடல்வெப்பம் 13.7 டிகிரி. ரத்தத்தை வெளியே எடுத்து, சூடாக்கி, ஆக்சிஜன் ஏற்றித் திருப்பி அனுப்பும் இதய-நுரையீரல் இயந்திரத்தில் பொருத்தினார்கள். இதயம் திரும்ப அடித்தது. நரம்புகள் பழுதாகி நெடுநாள் படுக்கையில் கிடந்தார். கைகளில் குறை கொஞ்சம் மிஞ்சியது. மூளை முழுசாகத் தேறியது. பின்னாளில் தன்னைக் காப்பாற்றிய அதே ஆஸ்பத்திரியில் கதிரியக்கப் பிரிவு டாக்டராக வேலை பார்த்தார்.

இதை அதிசயம் என்று சொல்லி நிறுத்திவிடக் கூடாது. ட்ரொம்சோக்காரர்கள் நிறுத்தவில்லை, அதனால்தான் அவர்கள்மேல் எனக்கு மரியாதை. 1999-க்கு முன்பு, குளிரில் இதயம் நின்று அங்கே வந்தவர்களில் ஒருவர்கூடப் பிழைக்கவில்லை. அதே ஆஸ்பத்திரி, அதே இயந்திரம். அன்னாவுக்குப் பிறகு களத்தில் இருப்பவர்களுக்கு, நெஞ்சை அமுக்கி மூச்சு ஊதும் சி.பி.ஆர். முறையைப் பழக்கினார்கள், யாரை எங்கே கொண்டுபோவது என்று வரிசை வகுத்தார்கள், பாதியில் கைவிடுவதை விட்டார்கள். 1999-க்கும் 2013-க்கும் இடையே வந்த 24 பேரில் 9 பேர் பிழைத்தார்கள். கைவிடாத வழக்கம் வேரூன்றியதுதான் பெரிய மாற்றம்.

2011 பிப்ரவரியில் டென்மார்க்கின் ப்ரெஸ்டோ கடல்வாயில் பள்ளிப் பிள்ளைகள் போன படகு கவிழ்ந்தது. தண்ணீர் 2 டிகிரி. நாடி நின்ற நிலையில் கொண்டுவரப்பட்ட பிள்ளைகள் ஏழு பேர். ஏழு பேரையும் மீட்டார்கள். 2019 நவம்பரில் ஸ்பெயினின் பிரெனீஸ் மலையில் பனிப்புயலில் மாட்டிய பிரிட்டிஷ் பெண் ஒருவரின் இதயம் ஆறு மணி நேரம் நின்றிருந்து, பார்சிலோனாவின் வால் தெப்ரோன் ஆஸ்பத்திரியில் திரும்ப ஓடியது.

இப்படி ஒவ்வொன்றாகக் கற்றுக்கொண்டு, இன்று சிகிச்சை முறை சாதாரண இதய நிறுத்தத்துக்குச் செய்வதிலிருந்து நிறையவே விலகிவிட்டது. மாரடைப்பு வேறு, இதயம் நின்றுபோவது வேறு என்பதை மட்டும் நினைவில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள். 2021-இல் ஐரோப்பிய உயிர்மீட்புக் குழுமம் வெளியிட்ட வழிகாட்டியில் இருப்பதை எளிமையாகச் சொல்கிறேன்.

உறைந்து கிடப்பவருக்கு நாடி பார்ப்பதில் அவசரம் கூடாது. பயிற்சி உள்ளவர் ஒரு நிமிடம் வரை பார்க்கலாம். நிமிடத்துக்குச் சில துடிப்புகளே இருக்கும்போது பத்து வினாடியில் தேடினால் அகப்படாது. இல்லை என்று தெரிந்தால் அமுக்கல் தொடங்க வேண்டும். நெஞ்சுக்கூடு விறைத்திருக்கும், இரட்டிப்பு உழைப்பு. அடுத்தது ஷாக் கருவி. வெப்பம் 30 டிகிரிக்குக் கீழே இருந்தால் மூன்று தடவைக்கு மேல் ஷாக் கொடுப்பதில் பயன் குறைவு. குளிர்ந்த இதயம் கேட்காது, சூடேறட்டும் என்று விடவேண்டும். அட்ரினலின் ஊசியும் அப்படியே. 30-க்குக் கீழே மருந்து செரிக்காமல் உடம்பில் தேங்கிக் கிடந்து, சூடேறும் நேரத்தில் மொத்தமாக வேலை காட்டும். ஆகவே நிறுத்தி வைக்கிறார்கள். 30-ஐத் தாண்டினால் கொடுக்கிறார்கள், வழக்கமான இடைவெளியை இரட்டிப்பாக்கி.

எனக்கு இதில் மிகவும் பிடித்த மாற்றம் இன்னொன்று. மலைச்சரிவில், நான்கு பேர் ஸ்ட்ரெச்சரைச் சுமந்து இறங்கும்போது நெஞ்சை அமுக்கிக்கொண்டே நடக்க முடியாது. முன்பெல்லாம் "இடைவிடாமல் அமுக்கு, முடியாவிட்டால் விட்டுவிடு" என்ற நிலை. இப்போது 28 டிகிரிக்குக் கீழே இருப்பவருக்கு ஐந்து நிமிடம் அமுக்கிவிட்டு ஐந்து நிமிடம் வரை சுமந்து நடக்கலாம். 20-க்குக் கீழே என்றால் பத்து நிமிடம் வரைகூட நடக்கலாம். மறுபடி நின்று ஐந்து நிமிடம் அமுக்க வேண்டும். சூடான உடம்புக்கு இது கொலை. குளிர்ந்த மூளைக்கு மட்டும் அந்த அவகாசம் இருக்கிறது. இந்த ஒரு விதி மலையிலிருந்து இறங்க முடியாமல் கைவிடப்பட்டிருக்கும் பலரை இறக்கிக் கொண்டுவரும்.

கொண்டுபோகும் இடமும் முக்கியம். பக்கத்து ஆஸ்பத்திரியைத் தாண்டி, எக்மோ, அதாவது அன்னாவுக்குப் பொருத்தியது போன்ற இயந்திரம், உள்ள ஆஸ்பத்திரிக்கு நேராகப் போகச் சொல்கிறார்கள், சில மணி நேரம் கூடுதலாக ஆனாலும் சரி. எக்மோ என்ற வார்த்தை 2016 டிசம்பரில் ஜெயலலிதாவின் கடைசி நாட்களில்தான் தமிழ் வீடுகளுக்குள் வந்தது. பிறகு எஸ்.பி. பாலசுப்ரமணியத்தின் ஆஸ்பத்திரிச் செய்திகளிலும் கேட்டோம். அதனால் நம் காதுக்கு அது சாவின் பக்கத்து வார்த்தை. குளிரில் நின்ற இதயத்துக்கோ அதைவிடச் சிறந்த மருந்து இல்லை. ரத்தத்தையே சூடாக்குவதால் இதயம் உள்ளிருந்து சூடேறுகிறது, இதயம் நின்றிருக்கும்போதும் மூளைக்கு ரத்தம் போய்க்கொண்டே இருக்கிறது.

யாருக்கு இந்தப் பெரும் முயற்சி என்பதையும் கணக்காகவே பார்க்கிறார்கள். சுவிட்சர்லாந்தின் லொசான் டாக்டர்கள் 2018-இல் வெளியிட்ட ஹோப் என்ற கணக்கில் ஆறு விஷயம் கேட்பார்கள்: வயது, ஆணா பெண்ணா, மூச்சு அடைபட்டதா, எவ்வளவு நேரம் சி.பி.ஆர்., ரத்தத்தில் பொட்டாசியம் எவ்வளவு, உடல்வெப்பம் எவ்வளவு. மூன்றாவது கேள்வியைப் பாருங்கள், நம் கேள்விதான் அது. பொட்டாசியமும் அதே கதையைச் சொல்லும் சாட்சி. செல்கள் செத்து உடையும்போது அது ரத்தத்தில் கொட்டும். அளவு மிக ஏறியிருந்தால், குளிர் வருமுன்பே உடம்பு செத்துவிட்டது என்று பொருள்.

பனிச்சரிவில் இந்தக் கேள்வி இன்னும் கூர்மையாகிறது. பனிக்கு அடியில் புதைந்தவர்களில் பெரும்பாலோரைக் கொல்வது குளிர் அல்ல. மூச்சுத்திணறல். அதுவும் முதல் அரைமணி நேரத்துக்குள். வாயும் மூக்கும் பனியால் அடைபட்டு, ஒரு மணி நேரத்துக்கு மேல் புதைந்திருந்து, இதயமும் முற்றிலும் நின்றிருந்தால், மீட்புக் குழு அடுத்தவரைத் தேடப் போய்விடும். முகத்துக்கு முன்னால் சின்னக் காற்றுவெளி இருந்தால் கதை வேறு. தோண்டும்போது முகத்தின் பக்கம் அந்த இடைவெளி இருந்ததா என்று பார்த்துச் சொல்கிற ஆளின் ஒரு வார்த்தை, ஆஸ்பத்திரியில் இருபது பேர் எடுக்கப்போகும் முடிவைத் தீர்மானிக்கும்.

மலையில் மூச்சு முந்தினால் எப்படி இருக்கும் என்று அனுபவித்துச் சொன்ன ஒருவரின் பெயர் எங்கள் ஊர்ப்பக்கத்துப் பெயர்ப்பலகையில் இருக்கிறது. காரக்கோணம் மெடிக்கல் காலேஜ் என்று நாம் சுருக்கிச் சொல்வதன் முழுப்பெயர் டாக்டர் சாமர்வெல் நினைவு சி.எஸ்.ஐ. மெடிக்கல் காலேஜ். தியோடர் ஹோவர்ட் சாமர்வெல், இங்கிலாந்துக்காரர், அறுவை மருத்துவர், எவரெஸ்ட் ஏறியவர். 1922 எவரெஸ்ட் பயணம் முடிந்த கையோடு இந்தியாவைச் சுற்றிப் பார்க்க வந்து, நெய்யூர் மிஷன் ஆஸ்பத்திரியில் நோயாளிகள் கூட்டத்தைக் கண்டு, இங்கேயே வேலை பார்ப்பதென்று முடிவெடுத்தார். 1924-இல் மறுபடி எவரெஸ்ட் போனார். ஜூன் 4 அன்று நார்ட்டன் என்பவரோடு ஏறத்தாழ 28,000 அடி வரை, ஆக்சிஜன் சிலிண்டர் இல்லாமல். இறங்கும்போது, பல நாள் உறைகாற்றில் வெந்துபோயிருந்த தொண்டையின் உள்சவ்வு கழன்று மூச்சுக்குழலை அடைத்துக்கொண்டது. நார்ட்டன் முன்னால் போய்க்கொண்டிருந்தார், கூப்பிடக் குரல் இல்லை. சாகத்தான் போகிறோம் என்று பனியில் உட்கார்ந்துவிட்டார். கடைசியாக இரண்டு கைகளாலும் தன் நெஞ்சைத் தானே ஓங்கி அமுக்கினார். அடைப்பு ரத்தத்தோடு வெளியே வந்து விழுந்தது. மூச்சு வந்தது. எழுந்து இறங்கினார், நெய்யூருக்குத் திரும்பினார், பல்லாண்டு நம் ஜனங்களுக்கு ஆபரேஷன் செய்தார். பிறகு வேலூர் சி.எம்.சி.யில் பாடம் சொல்லிக்கொடுத்தார்.

அந்த மனிதரை அன்று கொல்லப் பார்த்தது வெளிக்குளிர் அல்ல, அடைபட்ட மூச்சு. அதை எடுத்துவிட்டதும் பிழைத்தார்.

இனி ஹனுமந்தப்பா விஷயத்துக்கு வருகிறேன். அவர் இதயம் நின்ற நிலையில் கிடைத்தவர் அல்ல. கூடாரத்துக்குள் காற்று கொஞ்சம் தங்கியிருந்தது, அதனால் மூச்சு ஓடிக்கொண்டிருந்தது. எடுத்த இடத்திலேயே சூடாக்கிய சலைன் ஏற்றி, வெதுவெதுப்பான ஈரப்பதமுள்ள ஆக்சிஜன் கொடுத்தார்கள், அதுதான் சரியான முறை. அப்படியிருந்தும் ஆறு நாள் தண்ணீரில்லை, சாப்பாடில்லை. அந்த உயரத்தில் காற்றே மெலிந்தது. குளிரில் உடம்பு கை கால்களின் ரத்தக்குழாய்களை இறுக்கி, இருக்கிற ரத்தத்தை இதயத்துக்கும் மூளைக்கும் ஒதுக்கி வைக்கிறது. ஒதுக்கப்பட்ட பாகங்களில் அமிலமும் பொட்டாசியமும் கழிவும் சேர்ந்துகொண்டே இருக்கின்றன. சூடேறும்போது குழாய்கள் திறக்கின்றன. தேங்கியதெல்லாம் ஒரே நேரத்தில் இதயத்துக்கு வருகிறது. விரிந்த குழாய்களை நிரப்ப ரத்தம் போதாமல் ரத்த அழுத்தம் விழுகிறது. ஏற்கெனவே வறண்ட சிறுநீரகமும் கல்லீரலும் தாங்குவதில்லை. அவருக்கு நிமோனியாவும் இருந்தது. உறுப்புகள் ஒன்றன்பின் ஒன்றாக விட்டுவிட்டன.

அண்ணனிடம் இதைத்தான் சொன்னேன். பனிக்கு அடியில் அவர் பிழைத்துக் கிடந்தார் என்பது உண்மை. ஆனால் அந்த ஆறு நாளும் உடம்பு கடன் வாங்கிக்கொண்டே இருந்தது. சூடேறிய நேரத்தில் கடன்காரர்கள் எல்லோரும் ஒன்றாக வந்தார்கள். டில்லி டாக்டர்கள் செய்யாமல் விட்டது என்று எதையும் என்னால் சுட்டிக்காட்ட முடியாது.

அவர் உடனே அடுத்ததைக் கேட்டார். "அப்போ ரம்மு? பட்டாளத்துல குளிருக்குத்தானே ரம்மு குடுத்தாங்க?" குடித்ததும் சூடாகத் தோன்றுவது தோலின் ரத்தக்குழாய் விரிவதால். உள்ளே இருக்கும் சூடு வெளியே போகிறது, நடுக்கமும் குறைகிறது. விறைத்துக் கிடப்பவர் வாயில் பிராந்தி ஊற்றுவது, கை காலைப் பரபரவென்று தேய்ப்பது, சுடுதண்ணீர்ப் பையைக் கால்மாட்டில் வைப்பது, இவையெல்லாம் அன்பின் பெயரால் செய்யப்படும் தீங்கு. சூடு கொடுப்பதானால் நெஞ்சுக்கும் அக்குளுக்கும் முதுகுக்கும். கம்பளி, காற்றுத் தடுப்பு, உலர்ந்த துணி, தரையிலிருந்து பிரிக்க ஒரு பாய். முழு நினைவோடு விழுங்க முடிந்தால் மட்டும் சர்க்கரை போட்ட சூடான சாயா.

இந்த வித்தையெல்லாம் மேல்நாட்டுக்குச் சொந்தம் என்று நினைக்க வேண்டாம். திருவனந்தபுரம் சித்ரா ஆஸ்பத்திரியில் இதய ஆபரேஷனுக்குப் போய் வந்த ஒருவராவது நம் தெருவில் இருப்பார். அவரை ஆபரேஷன் மேசையில் வைத்து ஓட்டியது அதே இதய-நுரையீரல் இயந்திரம். ரத்தத்தைக் குளிர்விக்கவும் சூடாக்கவும் அதில் தனிப் பாகம் இருக்கிறது. பெருந்தமனி வளைவில் கத்தி வைக்கும் பெரிய ஆபரேஷன்களில் உடம்பை 20 டிகிரி அளவுக்குக் குளிர்வித்து, ரத்த ஓட்டத்தையே கொஞ்ச நேரம் நிறுத்திவைத்து வேலை செய்வது உலகெங்கும் பழகிய முறை. 1952-இல் அமெரிக்காவின் மின்னசோட்டாவில் ஜான் லூயிஸ் குளிர்வித்த உடம்பில் முதன்முதலாக இதயத்தைத் திறந்து ஆபரேஷன் செய்தார். அதிலிருந்து வளர்ந்ததுதான் இதெல்லாம். நம் டாக்டர்களுக்கு இது தெரியாத கலை அல்ல. குறை வேறெங்கோ இருக்கிறது: இமயமலையில் விழுந்தவரிடமிருந்து அந்த இயந்திரம் வரைக்குமான வழியில். ட்ரொம்சோவுக்கு ஒரு மணி நேரத்தில் ஹெலிகாப்டர் வந்தது. சியாச்சினில் வானிலையும் உயரமும் அனுமதித்தால்தான் பறக்கலாம்.

பட்டாளத்துக்குப் போகாதவர்களுக்கும் இது தூரத்து விஷயம் அல்ல. 2024 ஜூனில் உத்தரகாண்டின் சகஸ்திர தால் ஏரிக்கு மலையேறப் போன கர்நாடகக் குழு ஒன்று பனிப்புயலில் சிக்கியது. 22 பேரில் 9 பேர் குளிரில் இறந்தார்கள். ஐ.டி. வேலை பார்க்கும் நம் பிள்ளைகளும் லீவுக்கு அந்த மலைகளுக்குத்தான் போகிறார்கள். கேதார்நாத்துக்கு யாத்திரை போகும் பெரியவர்களும் உண்டு. போகிற கூட்டத்தில் ஒருவருக்காவது இந்தப் பாடம் தெரிந்திருக்க வேண்டும்: நடுக்கம் நின்றுபோனவரை நடக்க விடாதே, விறைத்துக் கிடப்பவரைப் பார்த்துச் செத்துவிட்டார் என்று நீயே முடிவு சொல்லாதே.

கடைசியாக, எங்கள் மண்ணுக்கே உரிய ஒரு எச்சரிக்கை. பனியில் மணிக்கணக்கில் கிடந்தவர் பிழைத்தார் என்று படித்த நினைவில், நெய்யாற்றிலோ பாறைக்குழிக் குளத்திலோ மூழ்கிய பிள்ளைக்கும் அவ்வளவு அவகாசம் இருக்கிறது என்று நினைத்துவிடாதீர்கள். நம் தண்ணீர் வெதுவெதுப்பானது. அங்கே எப்போதும் மூச்சுத்தான் முந்தும். சூடான மூளைக்குச் சில நிமிடங்களே உண்டு. ஆனால் கரையில் நடப்பது என்ன? தூக்கித் தலைகீழாக ஆட்டுவார்கள், வயிற்றை அமுக்கித் தண்ணீர் எடுப்பார்கள், ஜீப் வரும் வரை கூடி நின்று அழுவார்கள். நுரையீரலில் போன தண்ணீரை வயிற்றை அமுக்கி எடுக்க முடியாது. வாந்தி மூச்சுக்குழலில் ஏறி இன்னும் கெடும். போகும் அந்த நிமிடங்கள் திரும்ப வருவதில்லை.

மூச்சில்லாமல் கரைக்கு வந்த பிள்ளையை மல்லாக்கக் கிடத்துங்கள். தலையைப் பின்சாய்த்து மோவாயை உயர்த்தி, மூக்கைப் பிடித்து, வாயோடு வாய் வைத்து முதலில் மூச்சு ஊதுங்கள். நெஞ்சு எழும்ப வேண்டும். பிறகு நெஞ்சின் நடுவில் அமுக்குங்கள்: நிமிடத்துக்கு 100 முதல் 120 வரை, பெரியவர்களுக்கு ஐந்து சென்டிமீட்டருக்குக் குறையாமல். முப்பது அமுக்கல், இரண்டு மூச்சு, மறுபடி முப்பது. ஒருவர் தளர்ந்தால் அடுத்தவர் ஏற்க வேண்டும். பக்கத்தில் நிற்பவர் 108-ஐக் கூப்பிடட்டும், கேரள-தமிழ்நாட்டு எல்லைக்கு இந்தப்பக்கமும் அந்தப்பக்கமும் அதே எண்தான். எந்தப் பள்ளியில், எந்தப் பள்ளிவாசலில், கோயிலில், சர்ச்சில், குடும்பஸ்ரீ கூட்டத்தில் சி.பி.ஆர். வகுப்பு நடந்தாலும் வீட்டுக்கு ஒருவர் போய் வாருங்கள். ஒரு மதியம் போதும் கற்றுக்கொள்ள.